இரண்டாவது கியரில் ஓர் அலறல்

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை மாறாத சத்தியம் ஒன்று உண்டு.

வண்டி பொய் சொல்லாது!

பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இருக்கும்போது அது ஏன் சொல்ல வேண்டும்?

அந்த ஆளை ஊரே 'டாக்டர்' என்று கூப்பிட்டது. மருத்துவக் கல்லூரிக்குள் அவர் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார். பிரின்சிபாலின் பழைய காருக்கு விலை பேச.

தொழில், பழைய கார் வாங்கி விற்பது. கழுத்தில் எந்நேரமும் ஒரு ஸ்டெதஸ்கோப். எஞ்சின் மேல் அதை வைத்துக் கண்ணை மூடுவார். வாங்க வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அரை நிமிஷம் கழித்து, "இதயம் கல்லு மாதிரி இருக்கு" என்பார். அவர்கள் மூச்சை விட்டுவிட்டுப் பர்ஸை எடுப்பார்கள்.

ஞாயிறு பத்திரிகையில் அவர் எழுதும் 'வண்டி வைத்தியம்' பகுதிக்கு வாசகர்கள் ஏராளம். அதைக் கத்தரித்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. டாக்டரின் மனைவி அதில் அலமாரித் தட்டுக்கு விரிப்பு போடுவாள்.

காலை பத்து மணி.

ஷோரூமின் பின்னால் கண்ணாடி அறை. டாக்டர் அந்த வாரக் கட்டுரையைச் செல்போனில் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"வாசகர்களே... பழைய கார் பார்க்கப் போறீங்களா? காலையில போங்க. முதல்ல பானட்டைத் தொட்டுப் பாருங்க. சுட்டா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஏன் வெச்சாங்கன்னு கேளுங்க. மழையில வண்டி பார்க்காதீங்க. ஈரத்துல எல்லாப் பெயிண்டும் புதுசாத்தான் தெரியும். மீட்டர்ல நாப்பதாயிரம்னு இருக்கும். உடனே மயங்கிடாதீங்க. பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்க. வழவழன்னு தேஞ்சிருந்தா மீட்டர் பொய். புத்தம் புதுசா இருந்தா..."

குரலைத் தாழ்த்தினார்.

"...அது இன்னும் பெரிய பொய்."

அந்த வரி அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார்.

போன் அலறியது.

தெரியாத நம்பர்...

"டாக்டரா?"

கைக்குட்டையை வைத்து மூடிய குரல். ஆணா, பெண்ணா, புரியவில்லை.

"ஆமா. வண்டி பார்க்கணும்னா பதினோரு மணிக்கு மேல..."

"உங்கள் மைத்துனர் என்னுடன் இருக்கிறார். அவருடைய உயிர் ஆபத்தில் இருக்கிறது. அவரைக் காப்பாற்றுவது உங்கள் கையில்தான் உள்ளது. மீண்டும் அழைப்பேன்."

லைன் துண்டிக்கப்பட்டது.

ஓர் இலக்கணப் பிழைகூட இல்லாத மிரட்டல்!

டாக்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மைத்துனனின் நாற்காலி காலி. எட்டு மணிக்கு டீ குடிக்கப் போனவன். அவன் நம்பரைப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப்.

மனைவிக்குப் போட்டார்.

"என்னங்க சொல்றீங்க? என் தம்பியையா?"

"கத்தாதே. நான் பாத்துக்கறேன்."

"நீங்க என்னத்தப் பாப்பீங்க? போலீசக் கூப்பிடுங்க."

"போலீஸ்னா கடைக்குள்ள வருவாங்கடி. நம்ம பேப்பரையெல்லாம் நோண்டுவாங்க."

"உங்க பேப்பரைத் தூக்கிக் குப்பையில போடுங்க. என் தம்பியோட வந்தா வீட்டுக்குள்ள வாங்க. இல்லன்னா அங்கயே ஒரு கார்ல படுத்துக்குங்க. சீட் மடங்கற காரா பாத்து."

டாக்டர் போலீசைக் கூப்பிட்டார்.

பத்தே நிமிஷத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். அதிர்ந்து பேசாதவர். எதிரே உட்கார்ந்து, ஒரு ரப்பர் பேண்டை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எதிரிங்க யாராவது?"

"எனக்கா? எல்லாரும் என் வாசகர்கள் சார்."

"உங்ககிட்ட கார் வாங்கினவங்க?"

"அவங்களும்..."

போன் மறுபடி அலறியது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"நான்தான் பேசுகிறேன். உங்கள் மைத்துனர் இன்னும் உயிருடன் இருக்கிறார். ஆனால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது."

குரலுக்குப் பின்னால் வேறு சத்தங்கள். ஓடும் கார்!

ஊ...ம்ம்ம்ம்...

கர்ர்ரக்!

டக்... டக்... டக்... டக்...

லைன் கட்.

டாக்டரின் முகத்தில் ரத்தம் இல்லை.

அவருக்கு அந்தக் கார் தெரியும்! மூன்று வாரத்துக்கு முன்னால் விற்ற சிவப்புக் கார். வாங்கியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். அவர் வீட்டு விலாசம்கூட மேஜை டிராயரில் இருந்தது. யாரோ அந்தக் காரைத் திருடி, அதில் மைத்துனனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். போலீஸ் அந்தக் காரை மடக்கிவிடும்.

எப்படித் தெரியும் என்று கேட்பார்களே?

"என்ன கேட்டுச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணும் இல்ல சார்."

"உங்க முகம் அப்படிச் சொல்லலையே."

"ஏதோ பழைய வண்டி. முன் சக்கரத்துல பேரிங் போயிருக்கு. அதான் ஊளையிடுது. அவ்வளவுதான் தெரியுது."

"எந்த வண்டி?"

"அது எப்படி சார் சொல்ல முடியும்? பேரிங் போன வண்டி ஊர்ல ஆயிரம் ஓடுது."

"அதுல பாதி இங்க வாங்கினதாமே?"

டாக்டர் சிரிக்க முயன்றார். வாய் மட்டும் ஒரு பக்கமாகப் போனது.

இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிய பெயர். பத்திரிகைப் பகுதி. அடுத்த மாதம் வர்த்தகர் சங்கத்தில் 'நேர்மைச் செம்மல்' பட்டம் வேறு தருகிறார்கள். சால்வைக்கு அளவுகூடச் சொல்லியாயிற்று. ஒரு பக்கம் அது... மறுபக்கம் மைத்துனன்...

அவர் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

மூன்றாவது முறை போன்.

இந்தத் தடவை கைக்குட்டைக் குரல் இல்லை.

"மாமா... ஐயோ... மாமா... மாமாவ்வ்வ்..."

மைத்துனனின் அலறல்! பின்னால் 'கர்ர்ரக்' என்று இரண்டாவது கியர் விழும் சத்தம். பிறகு...

டமார்!

நிசப்தம்.

இன்ஸ்பெக்டரின் விரலிலிருந்து ரப்பர் பேண்ட் தெறித்து விழுந்தது. டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

"சார்... அந்தக் கார் எனக்குத் தெரியும் சார்."

"சொல்லுங்க."

"நான் வித்த கார். மூணு சத்தம் சார். நேரா போகும்போது ஊளை, அது பேரிங். திரும்பும்போது டக் டக், அது ஆக்ஸில் ஜாயிண்ட். ரெண்டாவது கியர்ல பல்லைக் கடிக்குது பாருங்க, அது கியர்பாக்ஸ். மூணும் ஒண்ணா இருக்கிற வண்டி உலகத்துலயே அது ஒண்ணுதான்."

கடைசி வாக்கியத்தில் லேசாகப் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

"விக்கும்போதே இதெல்லாம் இருந்துச்சா?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பின் குழாயை விரலில் சுற்றினார்.

"இருந்துச்சு."

"வாங்கினவங்க காதுல விழலையா?"

"கியர்பாக்ஸ்ல மரத்தூள் கலந்து ஆயில் ஊத்தினேன் சார். ரெண்டு நாளைக்குச் சத்தம் வராது."

"பேரிங்?"

"கிரீஸை அடைச்சேன். ஓட்டிப் பாக்கும்போது பாட்டைச் சத்தமா வெச்சோம்."

"ஜாயிண்ட்?"

"திரும்பவே விடல. நேர் ரோடாப் பாத்து ஓட்ட வெச்சோம்."

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் தள்ளினார்.

"உங்க கையாலயே எழுதுங்க. வேற என்ன?"

"வேறன்னா... கடத்தல் கேஸுக்கு அதெல்லாம் வேணுமா சார்?"

"அந்தக் காரைத் துரத்தணும். எவ்வளவு வேகம் போகும், எங்க நிக்கும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"நிக்கறதுதான் சார் கஷ்டம். பிரேக் பேட் தேஞ்சு தகடு தெரியுது."

"எழுதுங்க. மீட்டர்?"

"ஒண்ணே முக்கால் லட்சம் ஓடியிருந்துச்சு. நாப்பத்தெட்டாயிரத்துல நிறுத்தினேன்."

"தண்ணியில நின்ன வண்டியா?"

"முழுசா இல்ல சார். சீட் வரைக்கும்தான்."

"அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் உருவிப் பாத்தா சேத்துக் கோடு இருக்கும். எல்லாரும் பாதி வரைக்கும்தான் இழுப்பாங்க. கதவுல பாதி தகடே இல்ல, பட்டி பூச்சுதான். காந்தம் வெச்சா ஒட்டாது."

"நேர்மையா விலை போட்டா என்ன போகும்?"

கேள்வி தொழில் சம்பந்தப்பட்டது. டாக்டர் தன்னை மறந்தார்.

"நாலு டயர், பேட்டரி, பேரிங், ஜாயிண்ட், கியர்பாக்ஸ், பிரேக்... எல்லாத்தையும் மாத்தற செலவைக் கழிச்சுட்டுத்தான் விலையே பேசணும் சார். இந்த வண்டிக்குக் கழிச்சா..." விரல் விட்டு எண்ணினார். "வாங்கறவங்களுக்கு நாமதான் ஏதாவது குடுக்கணும்."

"எவ்வளவுக்கு வித்தீங்க?"

டாக்டர் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் தன் பேனா மூடியை இரண்டு தடவை கழற்றி மாட்டினார்.

இரண்டரைப் பக்கம். தேதி போட்டுக் கையெழுத்து. பழக்க தோஷத்தில் கீழே 'டாக்டர்' என்றும் எழுதிவிட்டார். இன்ஸ்பெக்டர் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"சார்... அட்ரஸ் கேக்கவே இல்லையே?"

"தெரியும்."

தன் போனை எடுத்தார்.

"டீச்சர்... முடிஞ்சுது. நீங்க வரலாம்."

டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

வாசலில் ஊளை கேட்டது. பிறகு டக் டக் டக். சிவப்புக் கார் உள்ளே திரும்பி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், சுவரை மெல்ல முட்டி நின்றது. முன் பம்பர் ஏற்கெனவே பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டி வந்தவன் மைத்துனன். நெற்றியில் கோலிக்குண்டு அளவில் வீக்கம். இன்னொரு பக்கமிருந்து தலைமையாசிரியை இறங்கினார். கையில் கைக்குட்டை!

"மாப்ள... நீயாடா?" என்றார் டாக்டர். "நடிச்சியாடா?"

"நடிப்பெல்லாம் இல்ல மாமா. ஸ்கூல் மைதானத்துல சும்மா ஓட்டிக்கிட்டு, உங்களுக்குப் போன் பண்ணி 'மாமா, காப்பாத்துங்க'ன்னு சொல்றதாத்தான் பேச்சு. திடீர்னு கோல் போஸ்ட் வந்துடுச்சு. நானும் பிரேக்கை மிதிக்கறேன், மிதிக்கறேன்..."

"இன்ஸ்பெக்டர் சார், இது மோசடி. பொய்க் கடத்தல்."

"யார் கடத்தல்னு சொன்னது? மைத்துனர் என்னுடன் இருக்கிறார்னு சொன்னாங்க. இருந்தார். உயிர் ஆபத்துல இருக்குன்னு சொன்னாங்க. இந்தக் கார்ல உக்காந்தா வேற எங்க இருக்கும்?"

"என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா உன்னை..." என்று மைத்துனன் பக்கம் திரும்பினார் டாக்டர்.

"அக்காதான் மாமா அனுப்பிச்சா."

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"போன வாரம் உங்க வீட்டுக்கு வந்தேன் டாக்டர். நீங்க குளிக்கறதா சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் குளிச்சீங்க. அதுக்குள்ள நானும் உங்க மனைவியும் எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டோம்."

"டீச்சர், பேசித் தீத்துக்கலாம் டீச்சர்."

"பேசத்தான் மூணு வாரமா அலைஞ்சேன். ஒரே ஒரு தடவை போனை எடுத்தீங்க. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? வண்டி தங்கம், உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல, ஓட்டிக் கெடுத்துட்டீங்கன்னு சொன்னீங்க. இந்த இன்ஸ்பெக்டர்கிட்ட புகார் குடுத்தா, ஸ்டேஷனுக்கும் அதையே எழுதிக் குடுத்தீங்க. முப்பத்தஞ்சு வருஷமா ஓட்டறேன். என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல."

காரின் ஓட்டுநர் பக்கக் கதவை அவரே திறந்து பிடித்தார். சாவியை நீட்டினார்.

"ஏறுங்க. ஸ்டேஷன் வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. எப்படி ஓட்டணும்னு பாத்துக் கத்துக்கறேன்."

"நல்ல யோசனை" என்று இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பார்த்து, சேற்றுக் கோட்டைக் கண்டு தலையாட்டினார்.

ஷோரூமில் கார் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் வேடிக்கை பார்க்க நெருங்கி வந்தது.

டாக்டர் சாவியைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

மைத்துனன் தொண்டையைக் கனைத்தான்.

"டீச்சர்... வேணும்னா நானே ஓட்டட்டுமா?"

"நீ சும்மா இருப்பா. உனக்குத் தலையில அடி. அவர் ஓட்டட்டும்."

"அதுக்கில்ல டீச்சர்..."

இருபத்திரண்டு வருஷத்தில் அறுநூறு கார்களுக்கு மேல் விற்றவர் டாக்டர்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.