பேனாக் கோடு

குழந்தைகள் வார்டு நர்ஸ் இரவு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் போர்வையில்லாமல் படுத்திருந்தாள். தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, எழுப்பப் போனால் உள்ளேயிருந்தே உறுமுகிற பிள்ளை அது. போர்வை தரையில் கிடந்தது.

"போர்வை வலிக்குதும்மா."

போர்வை எப்படியடி வலிக்கும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கத்தான் தெம்பில்லை. கொரோனா ஓய்ந்து முகக்கவசங்கள் கழன்றதிலிருந்து ஊரே தொண்டையைப் பிடித்துக்கொண்டு வார்டுக்கு வந்தபடி இருந்தது. அந்த இருமலும் கிருமிநாசினி நெடியும் அவள் தலைமுடியில் ஏறி வீடுவரை கூடவே வந்திருந்தன. பாதிக்கு மேல் தொண்டையைப் புண்ணாக்கும் ஸ்ட்ரெப் கிருமி. மாத்திரைக்கு அடங்கிவிடும். எப்போதாவது ஒரு பிள்ளைக்கு மட்டும் சதைக்குள் இறங்கிவிடும். அப்புறம் காலையே வெட்டி எடுத்தாலும் உயிர் தங்குமா என்று சொல்ல முடியாது. நேற்று அப்படித்தான் ஒரு கட்டில் காலியானது.

திரை இடுக்கில் விழுந்த வெயிலில் மகளின் முழங்காலைப் பார்த்தாள். விளையாட்டில் விழுந்த சின்னச் சிராய்ப்பு. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது.

"என்னங்க, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க."

"சிராய்ப்புக்கா?" என்றான் கணவன் சமையலறையிலிருந்து. "நீ முதல்ல கொஞ்சம் தூங்கேன்."

"பண்ணுங்கன்னா பண்ணுங்க!"

வார்டில் செய்வதுபோலவே பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தை ஒட்டிக் கோடு வரைந்தாள். கோட்டைத் தாண்டினால் பரவுகிறது என்று அர்த்தம். கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கணவன் போனில் திரும்பத் திரும்ப முகவரி சொல்லிக்கொண்டிருந்தான். மகளோடு சேர்ந்து ஃப்ரிட்ஜும் முனகியது. கண் சொருகியது. ஒரு நிமிஷம்கூட இருக்காது.

விழித்தபோது கோடு சிவப்புக்கு நடுவில் இருந்தது.

"வழியில இருக்காங்களாம்!" கணவன் கத்தினான்.

மகள் முனகலை நிறுத்தியிருந்தாள்.

"இப்ப வலிக்கவே இல்லம்மா."

வலி நின்றால் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம், அது அம்மாவுக்குத் தெரியும்.

மறுபடி பேனா. இந்த முறை தொடையில். முன்பக்கம் தொடங்கினாள். வெளிப்பக்கம். அடிப்பக்கம். உட்பக்கம். வட்டத்தை முடிக்க, கோட்டைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

அந்த இடத்தைச் சிவப்பு தாண்டிப் போயிருந்தது.