யானையா என்று கேட்டாலும் "ம்"

ஆகஸ்டு மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் தூறல், நண்பகலுக்குப் பின் நல்ல வெயில்.

வெயில் வந்ததும், மருத்துவமனைக்கு எதிரே இருந்த கட்டடத்தின் சாரத்தில் பெயின்டர்கள் ஏறத் தொடங்கினர். சிறுவர் பிரிவில் ஒரு சிறுமி அவர்களுள் ஒருவரைக் காண்பதற்காகக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளது கட்டிலோ அறையின் நடுவில் இருந்தது. அங்கிருந்து வானம் மட்டுமே தெரிந்தது.

அவளுக்கு ஒன்பது வயது. முந்தைய நாள்தான் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பேச்சைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், யார் எதைக் கேட்டாலும் "ம்" என்று மட்டும் சொல்வாள்.

அடுத்திருந்த ஜன்னலோரக் கட்டில் வாயாடியினுடையது. பத்து வயதான அவள் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் போட்ட தையல் சீழ் பிடித்ததால் இங்கு வந்து சேர்ந்தவள். கட்டு காலுக்குத்தான், வாய்க்கு இல்லை என்று அவளுடைய அம்மாவே சொல்வார்.

காலை முழுவதும் வாயாடி கதை சொன்னாள்; அடுத்த கட்டில் சிறுமி "ம்" கொட்டினாள். தன் கதையை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட ஒருவரை வாயாடி அதுவரை கண்டதில்லை. ஆகவே, அவளுக்கு உம்கொட்டி என்று பட்டம் சூட்டினாள். எனினும் நடுவில் ஓர் ஐயம் எழுந்தது.

"கதையில வந்த யானை நடந்துச்சா, பறந்துச்சா?"

"ம்," என்றாள் உம்கொட்டி.

உம்கொட்டியின் அம்மா காலையில் வந்து போன சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். மகளுக்குப் பென்சிலின் ஆகாது. முன்பு ஒருமுறை போட்டபோது முகம் பலூன்போல் வீங்கி, மூச்சுத் திணறிவிட்டது. இதைச் சொல்லிவிட்டுக் கைக்குழந்தையைப் பார்க்க அவர் வீட்டுக்குச் சென்றார். வாயாடியின் அம்மாவும் மருந்து வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தார்.

அப்போது உம்கொட்டி எதிர்க் கட்டடத்தைச் சுட்டிக்காட்டினாள். காற்றில் தூரிகையால் பூசுவதுபோல் கையை அசைத்தாள். பிறகு மூக்கின் கீழே மீசையை முறுக்கிக் காட்டினாள்.

"அங்க பெயின்ட் அடிக்கிறது உங்க அப்பாவா?"

இம்முறை "ம்" மட்டுமன்று, கண்களும் பளபளத்தன.

கட்டில் விட்டுக் கட்டில் மாறக்கூடாது என்று பெரிய சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது வாயாடிக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால், அப்பாவைப் பார்க்கத் துடிப்பவளை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிட என்று எப்படிச் சொல்வது? வாயாடி நொண்டியடித்து நடுக் கட்டிலுக்கு வந்தாள். உம்கொட்டி ஜன்னலோரக் கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்துக்கொண்டாள். சாரத்தின் உச்சியில் மீசைக்காரர் ஒருவர் சுவருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். உம்கொட்டி அதன்பின் இந்த உலகத்திலேயே இல்லை.

பிற்பகலில் பணி மாறியது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு புது சிஸ்டர் வந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். முகத்தில் சிரிப்பும் கையில் அவசரமும் இருந்தன. கட்டில் மாறியது தெரிந்துவிடுமோ என்று அஞ்சிய வாயாடி, தலையோடு போர்த்திக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தாள்.

புது சிஸ்டர் ஜன்னலோரக் கட்டிலின் எண்ணைப் பார்த்தார். பெயர் எழுதிய பட்டையைத் தேடி உம்கொட்டியின் கையைப் பிடித்தார். பட்டை இல்லை. காலையில், கையில் செருகியிருந்த ஊசிக்குழாயை வேறிடத்தில் மாற்றியபோது பழைய பட்டையை வெட்டிவிட்டார்கள். புதியது இன்னும் வரவில்லை. ஆகவே அவர் வாயாடியின் பெயரைச் சொல்லி, அது நீதானே என்று கேட்டார்.

"ம்," என்றாள் ஜன்னலை விட்டுத் திரும்பாத உம்கொட்டி.

"காயம் வலிக்குதாம்மா?"

"ம்."

"பென்சிலின் போடப் போறேன். கொஞ்சம் எரியும், பொறுத்துக்க."

போர்வைக்குள் வாயாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறந்தால் குட்டு வெளிப்படும். உம்கொட்டி ஜன்னலை இழப்பாள். தனக்கும் நல்ல பாட்டு கிடைக்கும். திறக்காவிட்டால்?

அவள் போர்வையை உதறி எழுந்தாள்.

"சிஸ்டர், போடாதீங்க. அது நான். அவ இல்ல."

புது சிஸ்டரின் கை அப்படியே நின்றது. "இவதான் ஆமான்னு சொன்னாளே?"

"அவ எதுக்கும் அப்படித்தான் சொல்லுவா. நீ யானையான்னு கேட்டுப் பாருங்க."

புது சிஸ்டர் தயங்கினார். பிறகு மெல்லக் கேட்டார். "நீ யானையாம்மா?"

"ம்."

மற்ற கட்டில்களில் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டனர். புது சிஸ்டர் சிரிக்கவில்லை. ஊசியை மூடித் தட்டில் வைத்தார். பென்சிலின் போட்டால் உம்கொட்டிக்கு என்ன ஆகும் என்பதையும் வாயாடி சொன்னபோது, அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பின்பு, யாரும் சொல்லாமலேயே எழுந்து போய்ப் பெரிய சிஸ்டரை அழைத்து வந்து, நடந்ததை ஒளிக்காமல் கூறினார்.

"நீ யாருன்னு கேட்டியா, நீதானான்னு கேட்டியா?" என்றார் பெரிய சிஸ்டர்.

"நீதானான்னு கேட்டேன், சிஸ்டர்."

"அப்படிக் கேட்டா அரைத்தூக்கத்துல நான்கூட ம்னுதான் சொல்லுவேன். பேரை அவங்க வாயால வாங்கணும். பட்டை இல்லாத கையில மருந்து போடவே கூடாது." அவர் வாயாடியின் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் இப்பவே அவங்கவங்க கட்டிலுக்குப் போங்க."

உம்கொட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். அவள் உதடு நடுங்குவதை வாயாடி கண்டாள்.

"தப்புதான் சிஸ்டர். நாங்க மாறினதாலதானே குழப்பம்? கட்டிலே இடம் மாறினா குழப்பம் வராதே," என்றாள் வாயாடி.

"என்ன சொல்றே?"

"எண்ணும் மருந்துச் சீட்டும் கட்டில்லதானே தொங்குது? கட்டிலுக்குச் சக்கரமும் இருக்கு. அவளை அவ கட்டில்ல படுக்க வெச்சு, கட்டிலோட ஜன்னல் பக்கம் தள்ளிடுங்க."

பெரிய சிஸ்டர் இடுப்பில் கைவைத்து அவளைப் பார்த்தார். அந்தக் கால் ஆறுவதற்குள் இந்த வாய் ஆஸ்பத்திரியையே நடத்தும் என்றார். ஆனால் கட்டில்களின் சக்கரப் பூட்டுகளைத் தம் காலாலேயே தட்டித் திறந்தார்.

கட்டில்கள் இடம் மாறின. உம்கொட்டியின் கையில் புதிய பட்டை ஏறியது. புது சிஸ்டர் அவள் அருகில் குனிந்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். உம்கொட்டி எச்சிலை விழுங்கித் தன் பெயரை மெல்லிய குரலில் சொன்னாள். பட்டையில் இருந்ததும் அதே பெயர்தான்.

வாயாடியிடம் கேட்டபோது, தன் பெயரோடு அப்பா பெயர், பள்ளிக்கூடம், சைக்கிளின் நிறம் அனைத்தையும் சொன்னாள். பட்டையைப் பார்த்த பின்பே ஊசி ஏறியது. அதன்பின் புது சிஸ்டர் போய்விடவில்லை. உடலில் தடிப்பு எழுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தபடி அருகிலேயே அமர்ந்தார். பிறகு அவளது மணிக்கட்டைப் பிடித்து, சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தை நோக்கினார்.

"நாடி பார்க்கணும். ஒரு நிமிஷம் பேசாம இரு."

"ஒரு நிமிஷம் முழுசாவா?"

"முழுசா."

வாயாடி உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். அந்நேரம் பார்த்து, ஜன்னலோரத்திலிருந்து கரகரத்த குரல் ஒன்று கேட்டது.

"அப்பா இறங்கிட்டாரு."

வாயாடியின் கண்கள் விரிந்தன.

"ரோட்டைத் தாண்டிட்டாரு. மூஞ்சியெல்லாம் மஞ்சள். வாசல்ல தடுத்து நிறுத்திட்டாங்க."

கேட்பதற்கு வாயாடியிடம் நூறு கேள்விகள் இருந்தன. அவளது நாடி துள்ளியது, கன்னம் உப்பியது, வாய் மட்டும் திறக்கவில்லை.

"விட்டுட்டாங்க. மேல வர்றாரு."

"முடிஞ்சுது, இப்ப பேசலாம்," என்று புது சிஸ்டர் கையை விட்டபோது, மணி மாலை நான்கு ஐம்பத்தெட்டு.