குச்சி நட்ட குழி

பகல் 11.40. தீப்பெட்டி இருந்தது. அதற்குள் வைத்த தங்கக் காசைக் காணோம்.

வால்டர் பெட்டியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். மூன்றாம் தடவை திறந்தால் காசு திரும்பி வந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. பிறகு தார்ப்பாய் நிழலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அக்கா, காசு போச்சு."

அக்கா ஃப்ளோரன்சுக்கு நாற்பத்திரண்டு வயது. கப்பலில் வந்து இறங்கும் பெண்களைச் சோதனை போடும் சுங்க இலாகா உத்தியோகம். கொண்டைக்குள்ளும் பால்டப்பாவுக்குள்ளும் தங்கம் எடுத்துச் சலித்தவள். ஞாயிற்றுக்கிழமையாவது தங்கத்தின் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றுதான் தம்பியோடு காட்டுப்பள்ளி மணல்காட்டுக்கு வந்தாள். மணலில் புதையல் தேடும் தம்பியின் கோஷ்டி மூன்று வருஷமாக ஒரு குன்றிமணித் தங்கம்கூட எடுத்ததில்லை. அதனால் நம்பி வந்தாள்.

"யாரும் நவுரக் கூடாது" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டியதில்லை. முன்னால் கடல், பின்னால் உப்பங்கழி. கழியில் தண்ணீர் வற்றி, வந்த தோணி சேற்றில் தட்டி நின்றது. இறங்கி நடந்தால் சேறு தொடைவரை இழுக்கும். தண்ணீர் ஏறித் தோணி மிதக்கப் பிற்பகல் இரண்டரை ஆகிவிடும் என்று தோணிக்காரன் சின்னப்பையன் காலையிலேயே சொல்லிவிட்டான். அதுவரை ஐந்து பேர், ஒரு தார்ப்பாய், அரைப்பானைத் தண்ணீர். மே மாத வெயில் மணலை வறுத்துக்கொண்டிருந்தது.

வால்டர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1969இல் மூர் மார்க்கெட்டில், பட்டாளத்தார் கழித்துவிட்ட கண்ணிவெடி தேடும் மிஷின் ஒன்று அவன் கண்ணில் பட்டது. நீண்ட கம்பு, நுனியில் தட்டு, தோளில் பேட்டரிப் பை, காதில் ஹெட்போன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் கூவும். திருவொற்றியூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லோகநாதன் அதற்கு உயிர் கொடுத்தான். கல்மண்டபத்துச் சிநேகிதன் பாஸ்கல், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் டிரைவர், மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் முதல் பூசை முடிந்ததும் எண்ணூர் ரயில், அப்புறம் தோணி, அப்புறம் இந்த மணல்.

வேலைக்கு ஒழுங்கு உண்டு. வால்டர் மிஷின் ஓட்டுவான். பாஸ்கல் தோண்டுவான், மண்வெட்டி வைத்தால் அதற்கும் மிஷின் கூவும் என்பதால் கொட்டாங்கச்சியால் தோண்டுவான். கிடைத்தது ஆணியானாலும் சோடா மூடியானாலும் லோகநாதனின் பழைய டப்பாவுக்குள் போகும். ஒரு துரும்பைக்கூட மண்ணுக்குள் திருப்பிப் போடமாட்டார்கள். அடுத்த வாரம் அதுவே ஏமாற்றும். குழியின் மேல் மிஷினை மறுபடி ஓட்டி, சத்தம் அடங்கிவிட்டதென்று தெரிந்தபிறகு மூடி, சவுக்குக் குச்சி ஒன்றை நடுவார்கள். குச்சி நட்ட இடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று காலை 7.50க்கு முதல் குழி. பச்சை வலைநூல் சிக்கிய ஒரு போல்ட்டும் நட்டும் வந்தன. 8.15க்கு இரண்டாவது. மணலுக்குள் கையை விட்டுத் துழாவிய பாஸ்கல், கண்ணாடிச் சில்லு கிழித்து, "அய்யோ சேசுவே!" என்று துள்ளினான். ஃப்ளோரன்ஸ்தான் துணி கிழித்துக் கட்டுப் போட்டாள். "இனிமே கொட்டாங்கச்சி இல்லாம கைய வெக்கமாட்டேன்க்கா" என்றான். வைக்கவுமில்லை.

9.20க்கு ஏழாவது குழி. கட்டைவிரல் நகமளவு தங்கக் காசு. தேய்ந்த உருவம் ஒன்று அதில் இருந்தது. மூன்று ஆண்களும் மணலில் குதித்த குதியை ஊரார் பார்த்திருந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள்.

குதித்து முடிந்ததும் வால்டர் சொன்னான்: "நாளைக்கு கலெக்டர் ஆபீஸ்ல ஒப்படைச்சிடணும். புதையல்னா அதான் சட்டம்."

மேலும் நாலு குழி வெட்டிவிட்டு, பத்தே முக்காலுக்கு ஓய்ந்தார்கள். வால்டர் தீப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தார்ப்பாயடியில் தூங்கிப்போனான். ஃப்ளோரன்ஸ் கழியோரமாக நாரை பார்க்கப் போனாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் காசு போயிற்று.

12.05. ஃப்ளோரன்ஸ் கேட்க ஆரம்பித்தாள்.

"லோகு, எங்க இருந்தே?"

"கடல்ல குளிச்சிகினு இருந்தேன்க்கா."

"டப்பா?"

"நிழல்ல வச்சிட்டுப் போனேன்."

"பாஸ்கல்?"

"மேட்டுக்கு அந்தாண்ட சவுக்கு நெழல்ல படுத்துகினு இருந்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன்க்கா, இத்தப் பாரு." தார்ப்பாயை நோக்கி வந்திருந்த கால்தடங்களைக் காட்டினான் பாஸ்கல். சேறு ஒட்டிய தடங்கள். சேற்றில் இறங்கி நின்றவன் ஒருவன்தான்.

"தண்ணி குடிக்க வந்தேம்மா" என்றான் சின்னப்பையன். "தோணி ஓட்டைய அடச்சிகினு இருந்தேன். தாகம். ஒரு சொம்பு மொண்டு குடிச்சேன், பூட்டேன்."

"தண்ணியோட காசையும் முழுங்கினியா?" பாஸ்கல் எட்டி அவன் சட்டையைப் பிடித்தான். "கழட்டுடா!"

எல்லோர் மேலும் மிஷினை ஓட்டினார்கள். ஒன்றுமில்லை. சின்னப்பையன் இடுப்பில் மட்டும் கூவியது. அது வெள்ளி அரைஞாண். அப்படியும் பாஸ்கல் விடவில்லை. கோவணத்தோடு அவனை வெயிலில் நிறுத்தி, சட்டையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான் சின்னப்பையன்.

ஃப்ளோரன்ஸ் தடுக்கவில்லை. தினமும் பத்துப் பெண்களை அப்படி நிறுத்துகிறவள்தானே. அந்தப் பெண்கள் எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இவனும் அதே மாதிரி கடலைப் பார்த்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்தச் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அனல் மின்நிலையத்தில் வேலை. மறுநாள் திங்கட்கிழமை சேரவேண்டும். இங்கிலீஷில் இருந்ததால், காலையில் தோணியில் அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தான்.

12.40. சுற்றுவட்டாரத்தை வால்டர் மிஷினால் அலசினான். தார்ப்பாய்க்குப் பத்தடி தள்ளி, குச்சி நட்டிருந்த ஒரு குழியருகே நின்றான். "இங்க கத்துது."

பாஸ்கல் மண்டியிட்டு, முழங்கைவரை கையை உள்ளே விட்டு, நட்டு மாட்டிய போல்ட் ஒன்றை வெளியே எடுத்தான். "அட, துருப்புடிச்ச போல்ட்டு மச்சான்!" தூர எறிந்து, காலால் மணலைத் தள்ளி மூடினான். "தோணிக்காரன் எங்கியோ சேத்துல பொதச்சிருக்கான். வெயில்ல சாவாத, வா."

மண்டை காய்ந்துபோயிருந்த வால்டர் மிஷினைக் கீழே வைத்தான்.

1.20. தண்ணீர்ப்பானை காலி. பாஸ்கல் தீர்ப்பே சொல்லிவிட்டான். "தண்ணி ஏறட்டும். நேரா எண்ணூர் டேசன். நாலு தட்டு தட்னா கக்கிடுவான்."

சின்னப்பையன் ஃப்ளோரன்ஸ் பக்கம் திரும்பினான். "எம்மா, நீதான படிச்சே? போலீஸ் ரிப்போட்டு நல்லதா வந்தாதான் வேலை நெலைக்கும்னு அதுல கீதுன்னு நீதான சொன்னே? டேசன்ல பேரு ஏறிச்சின்னா அவ்ளோதாம்மா. ஏழு வருசமா அலஞ்சி வாங்கின வேலைம்மா."

அவள் கழியைப் பார்த்தாள். சேற்றின் விளிம்பில் தண்ணீர் மெல்ல நக்க ஆரம்பித்திருந்தது. இவ்வளவு நேரம் எப்போது ஏறுமென்று ஏங்கிய தண்ணீர், இப்போது ஏறக்கூடாதே என்றிருந்தது. தோணி மிதந்தால் இவன் வாழ்க்கை மூழ்கும்.

எழுந்துபோய், பாஸ்கல் எறிந்த போல்ட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு லோகநாதனின் டப்பாவைக் காலிப்பையில் கவிழ்த்துக் கிளறினாள்.

2.10. "வால்டர், மிஷின மாட்டு. அந்தக் குழிக்கு வா."

"அங்க போல்ட்டு எடுத்தாச்சேக்கா."

"அதான் கேக்கறேன். குச்சி நட்ட குழிக்குள்ள போல்ட்டு எப்படி வந்துச்சு?"

வால்டர் ஹெட்போனை மாட்டித் தட்டை மணலுக்கு மேல் பிடித்தான். அவன் முகம் மாறியது. "இன்னும் கத்துதுக்கா!"

லோகநாதன் கொட்டாங்கச்சியால் தோண்டினான். முழ ஆழத்துக்குக் கீழே இன்னொரு சாண் போனதும், மஞ்சளாக மின்னியது காசு.

யாரும் குதிக்கவில்லை.

ஃப்ளோரன்ஸ் போல்ட்டை நீட்டினாள். நட்டுக்கடியில் பச்சை வலைநூல். "காலைல மொதக் குழியில வந்தது. டப்பாவுல போட்டத நான் பாத்தேன். இப்ப டப்பாவுல இல்ல. காசைப் பொதச்சி, மேல இத்த வச்சி, குச்சியத் திருப்பி நட்டிருக்கான். மிஷின் கத்தினா போல்ட்டுன்னு நெனச்சிப் போயிடுவோம்னு கணக்கு. போனோமே!"

"அப்ப லோகுதான்!" என்றான் பாஸ்கல். "டப்பா அவன்துதான?"

"டப்பா நிழல்ல கெடந்துச்சு, யாரும் எடுக்கலாம். அதனால நான் டப்பாவப் பாக்கல பாஸ்கல், ஒன் கையப் பாத்தேன்."

எல்லோரும் பார்த்தார்கள். கட்டுத்துணியில் ஈரமணல் அப்பியிருந்தது.

"கண்ணாடி கிழிச்சப்பறம் ஒம்பது குழி தோண்டினே. ஒண்ணுலயும் கச்சி இல்லாம கைய வெக்கல. இந்தக் குழியில மட்டும் காயம்பட்ட கைய முழங்கைவரிக்கும் வுட்டே. அடியில இன்னா கீதுன்னு தெரியாதவன் அப்படி வுடமாட்டான். அங்க கண்ணாடி இல்ல, போல்ட்டுதான்னு ஒனக்குத் தெரியும். வெச்சவன் நீ."

பாஸ்கல் கையைப் பின்னால் ஒளித்தான். அது ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். மறுபடி முன்னால் கொண்டுவந்தான்.

"மூணு வருசம் மச்சான்" என்றான் வால்டரிடம். "ஒரு ஞாயித்துக்கெழமகூட வூட்ல குந்துனதில்ல. வெயில்ல வெந்து ஒரே ஒரு தங்கம். அத்தையும் கலெக்டராண்ட குடுன்றே. இன்னொரு தபா வந்து எடுத்துக்கலாம்னு… இந்தாளு மேல பழி போடணும்னு மொதல்ல நெனைக்கல. சேத்துக் காலப் பாத்ததும் வாய்ல வந்துட்ச்சி."

"ஒன் வாய்ல வந்துட்ச்சி" என்றான் சின்னப்பையன் முதல் தடவையாகக் குரல் உயர்த்தி. "என் வேலை போயிருக்கும்!"

2.35. தோணி அசைந்து, நிமிர்ந்து, மிதந்தது.

வால்டர் மன்னிப்புக் கேட்டான். ஃப்ளோரன்சும் கேட்டாள், இருபது வருஷ உத்தியோகத்தில் அவள் சோதனை போட்ட ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னப்பையன் இருவருக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சட்டையை வாங்கினான். பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். பாஸ்கலின் கக்கத்து வேர்வையில் அது ஊறி, மடிப்பில் ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் மெதுவாகப் பிரித்தான். கிழியவில்லை. மை லேசாகக் கலங்கியிருந்தாலும் அவன் பெயர் பெயராகவே இருந்தது.

மூவரும் ஏறினார்கள். பாஸ்கல் கரையிலேயே நின்றான். சின்னப்பையன் அவனை விட்டுவிட்டுத்தான் போகப்போகிறான் என்று ஃப்ளோரன்ஸ் நினைத்தாள். போனால் தடுக்கக்கூடாது என்றும் முடிவு செய்துகொண்டாள்.

"ஏறு" என்றான் சின்னப்பையன்.

பாஸ்கல் ஏறி, முன்பக்கப் பலகையில் எல்லோருக்கும் எதிரே உட்கார்ந்தான். ஈரக் கடிதத்தை அவனிடம் நீட்டினான் சின்னப்பையன்.

"ரெண்டு கையாலயும் புடி. காத்துல காயட்டும். கரை சேர்ற வரிக்கும் இப்டியே புடிச்சிகினு குந்து."

மூங்கிலை ஊன்றித் தோணியைத் தள்ளினான். கடல் காற்று திறந்த கழியில் வேகமாக அடித்தது. கடிதம் படபடத்தது. கட்டுத்துணியில் ரத்தம் கசிய, இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எண்ணூர்க் கரை வரும்வரை பாஸ்கல் தலை நிமிரவில்லை.