வாய்வு

மத்தியான மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே நுழைந்தபோது ஓம வாசனையும் கூடவே வந்தது. ஜெயந்தினி தலையைத் தூக்கினாள். அவள் தாதியாக வேலை பார்க்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டெட்டோல் மணக்கும், ஈரக்குடை மணக்கும், ஓமம் மணக்காது. நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சின் ஓரத்தில், தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கு சொட்டச் சொட்ட, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே மழை இல்லை.

போன வருஷம் ஜெயந்தினியின் அம்மா பெரியாயி இப்படித்தான் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். அன்று ஜெயந்தினிக்கு லீவு. "வாய்வுங்க" என்றிருக்கிறாள் அம்மா. நெஞ்சு அடைத்தாலும் தோள் கடுத்தாலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அதற்கு அந்த ஒரே பெயர்தான். வயிற்றெரிச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பும் பஸ்ஸிலேயே உயிர் போனது.

அதன் பிறகுதான் இந்த நனைந்தவள் வர ஆரம்பித்தாள். வேறு யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். யார் பக்கத்தில் உட்காருகிறாளோ அவர் வாயில் அந்தச் சொல் வரும். பொழுது சாய்வதற்குள் லயத்தில் ஒப்பாரி கேட்கும்.

இன்று அவள் மெல்ல நகர்ந்து, பூனாகலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ரெங்கம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"என்னங்கக்கா செய்யுது?" ஜெயந்தினி கேட்டாள்.

நனைந்தவள் ரெங்கம்மாவின் காதோரம் குனிந்தாள்.

"ஒண்ணுமில்ல மிஸ். வாய்வு. இஞ்சி தின்னா போயிரும்."

"பாத்தீங்களா, அவங்களே சொல்றாங்க." கூட வேலை செய்யும் ஹம்ஸியா சிரித்தாள். "ஒங்களுக்கு யாரும் ஏப்பம் விட்டாக்கூட ஹார்ட் அட்டாக்தான். ஈசிஜி பேப்பர் முடியப் போகுது மிஸ்."

"முடியட்டும்."

ஜெயந்தினி அந்தச் சொல்லை நம்பவில்லை. நெற்றியைப் பார்த்தாள். இந்தக் குளிரில் வியர்வை.

"தாடை வலிக்குதா?"

"பல்லுவலிங்க மிஸ். மலையேறுனா வரும். நின்னா விட்டுரும். இன்னைக்கி விடல."

மேடு ஏறினால் வந்து, நின்றால் போகிற பல்வலி எந்த ஊரிலும் கிடையாது. ஜெயந்தினி சிவப்பு அட்டையை எடுத்தாள். முதலில் பார்க்க வேண்டியவர்களுக்கான அட்டை. அதை ரெங்கம்மாவின் கையில் கட்டிப் படுக்கவைத்து வயர்களைப் பொருத்தினாள். தாளில் கோடு மேலே ஏறியது, இறங்க மறுத்தது. ஹம்ஸியாவின் சிரிப்பு நின்றது. டாக்டர் ஓடி வந்தார். ஆஸ்பிரினை மென்றபடியே ரெங்கம்மா ஆம்புலன்ஸில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள், உயிரோடு.

ஜெயந்தினி பெஞ்சின் பக்கம் திரும்பினாள். குரலை நடுங்க விடவில்லை.

"தரமாட்டேன். இனி ஒருத்தரையும் தரமாட்டேன்."

பெஞ்சில் யாருமில்லை.

ஈரம் மட்டும். அது தரையில் சொட்டுச் சொட்டாக நீண்டு அவளுடைய நாற்காலிவரை வந்திருந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தது.

ஓமம். பிடரியில் குளிர்.

இடது தாடையில் பல்வலி.

"என்ன மிஸ், வேர்த்துக் கொட்டுது?" என்றாள் ஹம்ஸியா.

"ஒண்ணுமில்ல, வாய்..."

நாக்கைக் கடித்துச் சொல்லை நிறுத்தினாள். தானே போய்க் கட்டிலில் படுத்தாள். தானே சிவப்பு அட்டையைக் கட்டிக்கொண்டாள்.

"ஈசிஜி போடு ஹம்ஸியா. நான் என்ன சொன்னாலும் கழட்டாத. போடு."

ஹம்ஸியா வயர்களைப் பொருத்தினாள். அவளுடைய இரண்டு கைகளும் வயர்களில்தான் இருந்தன. மூன்றாவது கை தலைமாட்டிலிருந்து வந்தது. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். சின்ன வயதில் ஜெயந்தினிக்குச் சோறூட்டிய விரல்கள். அவை ஜெயந்தினியின் வாயை இறுகப் பொத்தின.

அவளுடைய சொந்தக் குரல் தலைக்குப் பின்னாலிருந்து சிரித்தபடி சொன்னது:

"விடு ஹம்ஸியா. வெறும் வாய்வுதான். கழட்டு."

ஹம்ஸியாவின் கை முதல் வயரின் மேல் போய் நின்றது.

ஜெயந்தினி அந்த விரல்களில் பற்களைப் பதித்தாள். கொழுந்துச் சாறு கசந்தது. விடவில்லை. எலும்புவரை கடித்தாள்.