புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது

பள்ளிக்கூடம் என்றால் மணி இருக்கும். ஹம்ஸா ஏழாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்தில் சங்கு இருந்தது. வாயால் ஊதுகிற சங்கு இல்லை. ஆலைச் சங்கு.

மைசூர் ஹெப்பாளில் ஏதோ ஒரு தொழிற்சாலையை மூடியபோது பழைய சாமான்களோடு அதையும் விற்றார்கள். பள்ளி நிர்வாகம் மலிவாக வாங்கி வந்து மொட்டை மாடியில் மாட்டியது. ஒரு காலத்தில் ஆயிரம் தொழிலாளர்களை ஓட ஓட வரவழைத்த சங்கு, இப்போது கணக்கு வகுப்பு முடிந்துவிட்டது என்று அறிவித்தது. மண்டி மொஹல்லாவின் சந்துகளில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் முதல் வாரம் தடுமாறினார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

மனிஷா மட்டும் பழகவில்லை.

மனிஷா இரண்டாம் வகுப்பு. ஹம்ஸாவின் வீட்டுக்கு எதிரே ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. மனிஷாவின் அம்மா சொர்ணலதா அங்கே சித்தாள் வேலை பார்த்தார். ஹம்ஸாவும் மனிஷாவும் தினமும் சேர்ந்தேதான் பள்ளிக்கு நடப்பார்கள்.

சங்கு ஊதியதும் மனிஷா பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, முழங்கைகளை முகத்துக்கு முன்னால் மூடிக்கொள்வாள். அடுத்த வகுப்பு பாதி முடிந்த பிறகுதான் வெளியே வருவாள். ஆசிரியை முதலில் திட்டினார். பிறகு பெஞ்சுக்கு அடியில் குனிந்தே பாடம் நடத்திப் பார்த்தார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இனிமே அனுப்பல கண்ணு," என்றார் சொர்ணலதா ஒருநாள். "தூங்கறப்பக்கூட காதைப் பொத்திக்கறா. என்கூட மணல் மேட்டுல உக்காந்திருக்கட்டும்."

"மணல்ல உக்காந்தா படிப்பு என்ன ஆகும், அக்கா?"

"பெஞ்சுக்கு அடியில உக்காந்தா மட்டும் படிப்பு வருதா?"

பதில் தெரியாதபோது ஹம்ஸா நேராகத் தலைமையாசிரியை கௌரம்மாவின் அறைக்குப் போய்விடுவாள். அது அவளுடைய கெட்ட பழக்கம்.

"புது மணி வாங்கப் பணம் இல்லையம்மா," என்றார் கௌரம்மா கன்னடத்தில். "கம்ப்யூட்டர் இருக்கு. ஸ்பீக்கர் இருக்கு. நல்ல சத்தம் ஒண்ணு கொண்டு வா. சங்கைக் கழற்றிடலாம்."

சும்மா சொல்லி அனுப்பினால் மறந்துவிடுவாள் என்று அவர் நினைத்திருக்கலாம். ஹம்ஸா ஓடிப்போய் சொர்ணலதாவிடம் சொன்னாள்.

"புது மணி வர்ற வரைக்கும் பொறுங்க, அக்கா."

"சரி. அதுவும் ஒத்து வரலைன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

ஹம்ஸாவிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அதில் தும்பி என்று ஒரு மென்பொருள். ஒலியைப் பதிவு செய்கிற மென்பொருள் அல்ல அது; ஒலியைச் செய்கிற மென்பொருள். எண்களைக் கொடுத்தால் அதிர்வுகளைக் கலந்து, இல்லாத வாத்தியத்தை வாசிக்கும்.

தும்பிக்கு முதலாளி கிடையாது. உலகத்தில் யார் யாரோ, பொழுதுபோகாத நேரத்தில், ஆளுக்குக் கொஞ்சமாக எழுதியது. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம். எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: செய்தவர்களின் பெயர்களை அழிக்கக் கூடாது. தும்பியைத் திறந்தால் முதலில் அந்தப் பெயர்கள்தான் திரையில் ஓடும்.

அதன் மூல நிரல் வரிகளை இறக்கி, கணினியில் கட்டி எழுப்பவே ஹம்ஸாவுக்கு ஒரு வாரம் ஆனது. திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள் வரும். தும்பிக்காரர்களின் இணையக் குழுவில் கேட்பாள். பிரேசிலிலிருந்து ஒரு பல் மருத்துவர் பதில் போடுவார். யாருக்கோ பல் பிடுங்கிவிட்டு வந்து இவளுக்குப் பிழை பிடுங்குவார்.

மணியோசையில் ஒரு சூட்சுமம் உண்டு. சட்டென்று பிறக்கும், மெதுவாக அடங்கும். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினால், ஒவ்வொரு துண்டிலும் ஒலி கொஞ்சமே கொஞ்சம் குறைய வேண்டும். முந்தைய துண்டில் இருந்ததை 0.999 ஆல் பெருக்க வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லிக் கொடுத்தார்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது மனிஷாவின் வேலை. அவளிடம் கருத்துக் கேட்க வேண்டியதே இல்லை. இரண்டு கையும் காதுக்குப் போனால் மோசம். ஒரு கை போனால் பரவாயில்லை.

முதல் மணிக்கு இரண்டு கையும் போயின.

"இது பாத்திரம் விழற மாதிரி இருக்கு, அக்கா."

அடுத்ததற்கு ஒரு கை.

"இது ஐஸ்காரர் மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கும். ஆனா எல்லாரும் வெளியே ஓடிடுவாங்க."

அது நியாயமாகப் பட்டதால் ஹம்ஸா மாற்றினாள். இப்படியே மாற்றி மாற்றி, கடைசியில் ஒரு மணி அடித்தபோது மனிஷாவின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"இன்னொரு தடவை," என்றாள் மனிஷா.

அன்று மாலையே ஹம்ஸா பெயர்ப் பட்டியலின் அடியில் இரண்டு வரிகள் சேர்த்தாள்.

மறுநாள் பென் டிரைவைக் கொண்டுபோய் கணினி ஆசிரியர் முரளிதரனிடம் கொடுத்தாள். ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஹம்ஸாவின் வகுப்புக்கு அவர்தான் கணினி சொல்லித் தருகிறார். அவர்கள் இதுவரை கணினியில் குடிசை வரையக் கற்றிருந்தார்கள்.

"நீ செஞ்சியா?" என்றார் அவர், தமிழில். பள்ளியில் ஹம்ஸாவிடம் தமிழ் பேசுகிற ஒரே ஆசிரியர். "பேஷ்! நம்ம ஊர்ப் பொண்ணு ஆச்சே! விட்டுட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்."

உண்மையாகவே பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புது மணிக்கு விழா. மேடை, பந்தல், தலைமை விருந்தினர். ஒரு பெரிய வெள்ளைத் திரையில் தங்க எழுத்துகள் மின்னின: 'முரளி பெல் ப்ரோ. உருவாக்கம்: முரளிதரன்.'

ஹம்ஸா அதை இரண்டு முறை படித்தாள். இரண்டு முறையும் அப்படியேதான் இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் கணினி முன்னால் நின்றிருந்த ஆசிரியரிடம் போனாள்.

"சார், பேரெல்லாம் எங்கே?"

"எந்தப் பேர்?"

"இதைச் செஞ்சவங்க பேர்."

"இலவசமாத்தானேம்மா குடுத்திருக்காங்க? இலவசமாக் குடுக்கறவங்களுக்குப் பேர் எதுக்கு?"

"அதுதான் சார் நிபந்தனையே."

"நானும் சும்மா எடுத்துக்கலை. நிறைய மாத்தியிருக்கேன். ஒரு இடத்துல புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பதுன்னு அசிங்கமா ஒரு எண் போட்டிருந்தே. அதை ரவுண்டா ஒண்ணுன்னு ஆக்கிட்டேன். இப்போ பார்க்க லட்சணமா இருக்கு."

"சார், அது..."

"போய் வரிசையில உட்காரு. விருந்தினர் வந்துட்டார்."

ஹம்ஸா வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அவள் வகுப்புத் தோழன் பசவராஜ், "ஏன் உன் மூக்கு சிவந்திருக்கு?" என்று கன்னடத்தில் கேட்டான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஒண்ணால பெருக்கினா?"

"குறையவே குறையாது."

பசவராஜ் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

தலைமை விருந்தினர் பொத்தானை அழுத்தினார்.

டிங்ங்ங்ங்ங்ங்.

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டி முடித்தார்கள். மணி முடிக்கவில்லை.

ங்ங்ங்ங்ங்ங்.

விருந்தினர் புன்னகையோடு காத்திருந்தார். புன்னகை மெல்லச் சுருங்கியது. வேலை செய்யவில்லையோ என்று நினைத்து மறுபடியும் அழுத்தினார். இப்போது இரண்டு மணிகள் அடங்காமல் ஒலித்தன. கூரையில் இருந்த புறாக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போயின.

"மின்சாரத்தை நிறுத்துங்க!" என்றார் கௌரம்மா.

"வேண்டாம்!" என்றார் விருந்தினர். மைக்கும் மணியும் ஒரே இணைப்பில் இருந்தன. அவர் இன்னும் பேசவில்லை. எவ்வளவு சத்தத்திலும் அவரால் பேச முடியும்; மைக் இல்லாமல்தான் முடியாது.

அவர் பேசத் தொடங்கினார். வாய் அசைந்தது. கேட்டதெல்லாம் 'ங்ங்ங்' மட்டும். முரளிதரன் கணினியை அணைத்துப் போட்டார். அது திரும்பவும் தங்க எழுத்துகளைக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"போய் நிறுத்தட்டுமா?" என்று ஹம்ஸா பசவராஜின் காதில் கத்தினாள்.

"பேடா, பேடா!" வேண்டாம் என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "போகாதே. யார் பேர் போட்டிருக்கோ அவரே நிறுத்தட்டும்."

அது ஹம்ஸாவுக்கு இனிப்பாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், வியர்த்து வழிந்த முரளிதரனைக் கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்து ரசித்தாள். ஒலிக்கட்டும். ராத்திரி வரைக்கும் ஒலிக்கட்டும். மைசூரே வந்து கேட்கட்டும்.

அப்போதுதான் விருந்தினர் மேசையின் துணிக்குக் கீழே இரண்டு சின்ன முழங்கைகள் தெரிந்தன.

பந்தலின் பின்பக்கத்திலிருந்து சொர்ணலதா வரிசைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை. மேசையை மட்டும் பார்த்து நடந்தார்.

ஹம்ஸா பசவராஜின் பிடியை உதறிவிட்டு ஓடினாள்.

"தள்ளுங்க, சார்."

முரளிதரன் தள்ளினார். அவர் என்னென்ன மாற்றியிருக்கிறார் என்று தேட நேரமில்லை. ஹம்ஸா பையிலிருந்து, இன்னொரு நகல் வைத்திருந்த தன் பென் டிரைவை எடுத்துச் செருகினாள். முரளி பெல் ப்ரோவை மூடி, தன்னுடைய தும்பியைத் திறந்தாள்.

சத்தம் நின்றது. அப்படி ஓர் அமைதியை அந்தச் சந்து கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருக்கும்.

வெள்ளைத் திரையில் பெயர்கள் ஓடின. எங்கோ ஒரு கப்பல் சமையல்காரர், யாரோ ஓர் இயற்பியல் மாணவி, பிரேசில் பல் மருத்துவர், இன்னும் பலர். கடைசியில் இரண்டு வரிகள் ஆங்கிலத்தில் நின்றன. பள்ளி மணி: ஹம்ஸா. சோதித்தவர்: மனிஷா, இரண்டாம் வகுப்பு.

தலைமையாசிரியை கௌரம்மா பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, விழா நடந்துகொண்டிருக்கிறதே என்று, பார்க்காதது போல் இருந்துவிட்டார்.

விருந்தினர் விட்ட இடத்திலிருந்து பேசினார். எந்த இடத்தில் விட்டார் என்று யாருக்கும் தெரியாததால் முதலிலிருந்தே பேசினார். பேச்சின் முடிவில் முரளிதரனுக்குச் சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டு, சரிகை வைத்த மைசூர் பேட்டாவைத் தலையில் வைத்தார்கள். தலைப்பாகை சற்றுப் பெரிது. அது கண்ணை மறைக்க மறைக்க, அவர் நன்றி சொன்னார்.

கீழே இறங்கியதும் ஹம்ஸாவின் பக்கம் குனிந்தார்.

"நல்ல வேளை, நான் நடத்தின பாடம் உனக்கு ஞாபகம் இருந்தது."

"எது சார், குடிசையா?"

அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டார். பசவராஜ் காறித் துப்பப் போனான். விழா என்பதால் விழுங்கிக்கொண்டான்.

விருந்தினர்களுக்கு முந்திரி கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் காகிதக் கூம்பில் சுருமுரி. பொரியும் துருவிய காரட்டும் காரமும் கலந்தது. ஹம்ஸா இரண்டு கூம்புகள் வாங்கிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் போனாள்.

மனிஷா வெளியே வந்திருந்தாள். சொர்ணலதா அவள் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"கண்ணு, நீ சொன்னதுக்காகத்தான் பொறுத்தேன்," என்றார் சொர்ணலதா. "போதும்."

"அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை. வகுப்பு தொடங்க இப்போ அடிக்கும். அதுக்கும் அவ பயந்தா கூட்டிட்டுப் போங்க."

மனிஷா அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கூம்பை வாங்கினாள். அவள் கண்கள் திரையில் இருந்தன. உதடுகள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டின.

"அக்கா, அங்கே என் பேர் இருக்கு."

"ஆமா."

"ஏன்?"

"நீதானே கேட்டுச் சொன்னே?"

மனிஷா மறுபடியும் முதல் எழுத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள். பாதிப் பெயரில் மணி அடித்தது.

டிங். ஒலி மெல்லப் பரவியது, தேய்ந்தது, அடங்கியது.

சொர்ணலதா மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் கூம்பில்தான் இருந்தன. ஒரு பொரிகூடக் கீழே விழவில்லை.