செய்திகள் வாசிப்பது தபீதாள்

தாம்பரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அருகில் விமானப் படைத் தளம் இருந்தது. காலையில் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும்போது பார்த்துத்தான் பயிற்சி விமானம் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகும். அது போய்த் தொலையும்வரை செய்தி வாசிக்கிறவர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆறாம் வகுப்புத் தபீதாளுக்கு அந்த விமானத்தைக் கண்டாலே ஆகாது. செய்தி வாசிப்பதென்றால் அவளுக்கு உயிர். நிற்பதுதான் பெரும்பாடு.

அவளுக்கு முழங்கால் மூட்டில் வலி. விழுந்து எழுந்த வலியாக இருந்தால் ஒரு வாரத்தில் போயிருக்கும். இது போகாத வலி. மாத்திரை கொடுத்த டாக்டரும் இதோடு பழகிக்கொள்ள வேண்டும் என்றுதான் சொன்னார். காலையில்தான் அதிகமாகப் படுத்தும். அம்மா ரத்தினபாய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகுதான் கால் நீட்டி மடக்க வரும். உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். ஓரிடத்தில் நின்றால் போச்சு.

பெரியவளானதும் வானொலியில் செய்தி வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஒத்தடம் கொடுக்கும்போதே, "ரத்தினபாய் வீட்டில் இன்றும் உப்புமா. மக்கள் கவலை" என்று வாசிப்பாள். அம்மாவுக்குச் சிரிப்பில் துணி கை நழுவும்.

தமிழாசிரியர் சத்தியநாதன் அவளைச் செய்தி வாசிக்கத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவள் நாக்கில் 'ழ' அவ்வளவு அழகாக வருவதுதான். தினமும் அவர், "கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார்.

"பரவாயில்லை சார்" என்பாள்.

வலி குறைந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். வலித்தாலும் பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன் என்பதுதான் அவள் சொன்னது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விமானம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வந்தன. இரண்டாவது போவதற்குள் தபீதாளின் கால் துவண்டுவிட்டது. மைக் கம்பியைப் பிடித்தாள். மைக் கிறீச்சென்று கத்தியது. பள்ளிக்கூடமே சிரித்தது.

சத்தியநாதன் சார் ஓடி வந்து அவளைப் படியில் உட்கார வைத்தார். "பரவாயில்லைன்னு சொன்னியேம்மா. நாளையிலேர்ந்து பொன்னியம்மாள் வாசிக்கட்டும். நீ ரெஸ்ட் எடு."

அன்பாகத்தான் சொன்னார். கால் வலிக்கு அழாத தபீதாள் இதற்கு அழுதுவிட்டாள்.

பக்கத்து பெஞ்சுப் பொன்னியம்மாளும் அழாத குறைதான். அவளுக்கு மழை எப்போதும் மளைதான். "எனக்கு இன்னா பேஜாரு பாரு. கோளிக்கோடுன்னு ஒரு ஊரு கீதே, அது வந்தா நான் காலி" என்று புலம்பினாள்.

அன்று சாயங்காலம் தபீதாள் வழக்கம்போல எதிர்வீட்டுக்கு டி.வி. பார்க்கப் போனாள். செய்தி வந்தது. வாசிக்கிற அம்மாவின் உச்சரிப்பைக் கேட்பதற்காகவே தினமும் வருகிறவள் அவள். இன்றைக்குத்தான் அந்த அம்மாவுக்கு முன்னால் இருந்த மேஜை கண்ணில் பட்டது.

மறுநாள் பிரார்த்தனைக்கு முன்பே சாரிடம் போய் நின்றாள். சரியாகச் சொன்னால், கேட்காமலே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சார், பரவாயில்லைன்னு சொன்னது என் தப்பு. தினமும் வலிக்குது. நின்னாதான் தாங்க முடியலை. உட்கார்ந்தா வாசிச்சிடுவேன்."

சார் தயங்கினார். தலைமையாசிரியர் உட்பட எல்லோரும் நிற்கும்போது ஒரு மாணவி மட்டும் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்குமா என்று கேட்டார்.

"டி.வி.யில உட்கார்ந்துதான் சார் வாசிக்கிறாங்க. மந்திரி வீட்லகூடப் பார்ப்பாங்க. மரியாதை இல்லைன்னு யாரும் சொல்லலையே."

சார் சிரித்துவிட்டார். அதற்குள் வாசலில் தரதரவென்று சத்தம். வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்ட பொன்னியம்மாள், வகுப்பு மேஜையை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள்.

"நாற்காலியும் எடுத்தாரேன் சார்" என்றாள்.

தபீதாள் உட்கார்ந்து வாசித்தாள். பாதியில் விமானம் வந்தது. அவள் டி.வி. அம்மாவைப் போலவே மேஜைமேல் கைகோத்து, அது போகும்வரை அமைதியாகக் காத்திருந்தாள். தலைமையாசிரியரே புன்னகைத்தார். வலி இல்லாமல் இல்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"கோழிக்கோட்டில் பலத்த மழை" என்று அவள் வாசித்தபோது, வரிசையில் நின்ற பொன்னியம்மாள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் சார் வந்தார். "கால் எப்படிம்மா இருக்கு?"

"வலிக்குது சார்" என்றாள் தபீதாள், சிரித்துக்கொண்டே. "நாளைக்கும் நான்தான் வாசிப்பேன்."