இறங்கிய தோள்

படப்பிடிப்புத் தளத்தின் பின்பக்கம் இருந்த பழைய உடையறைக்கு அக்காவும் தங்கையும் சாயங்காலம் போனார்கள். கதவைத் திறந்ததும் பவுடரும் பழைய வியர்வையும் கலந்து மூக்கில் ஏறின. அக்கா அங்கே தையல்காரி. தங்கைக்கு மறுநாள் தொலைக்காட்சி நடனப் போட்டியில் இறுதிச் சுற்று. பளபளக்காதவளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அதனால்தான் அக்கா யாருக்கும் தெரியாமல் அந்த ஜிகினா கவுனை எடுத்தாள். போன வருடம் இறந்துபோன நடிகையின் கவுன் அது. நடிகைக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும். உலகமே அழகி என்று கொண்டாடியவளுக்கு அந்த ஒரு குறை தூக்கத்தைக் கெடுத்தது. கவுனுக்குள் பஞ்சு வைத்துத் தைத்து அதை மறைத்தவள் அக்காதான். ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் நடிகை அவள் காதோரம் குனிந்து கேட்பாள்.

"தோள் தெரியலயே, தையலம்மா?"

தங்கைக்குக் கவுன் தொளதொளவென்று இருந்தது. அக்கா பஞ்சை உருவி எறிந்தாள். இடுப்பைப் பிடித்துத் தைத்து, அறையைப் பூட்டிவிட்டு வந்தாள்.

காலையில் அறையைத் திறந்து பார்த்தால் தையல் பிரிந்து கிடந்தது.

பஞ்சு பழையபடி தோளுக்குள் இருந்தது.

அக்கா பிரிந்த நூலை விரலால் தடவிப் பார்த்தாள். தங்கையோ அதற்குள் கவுனை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். இப்போது கச்சிதமாக இருந்தது. அக்கா பஞ்சுக்கு மேல் கையை வைத்து அழுத்தினாள்.

அடியில் தங்கையின் தோள் இறங்கியிருந்தது.

"கழட்டிடு. வேற போட்டுக்கலாம்," என்றாள் மெதுவாக.

"இதுலதான்க்கா நான் கண்ணுக்குத் தெரியறேன்."

அந்தப் பேச்சுக்கு முன்னால் அக்காவின் பயம் தோற்றது. தங்கை ஆடினாள், ஜெயித்தாள். கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆனது. மேடையிலிருந்து இறங்கி வந்ததும் அக்கா கவுனைக் கழற்றி வாங்கி, உடையறையில் வைத்துப் பூட்டினாள். பிறகு தங்கையின் கையை இறுகப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். பெற்றவர்கள் போனபின் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அந்தக் கைதான்.

தங்கை குளித்துவிட்டு, சாயம் போன பருத்தி நைட்டியில் சமையலறைக்கு வந்தாள். அவள் நடக்க நடக்க ஜிகினா உரசும் சத்தம் கேட்டது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு உற்றுக் கேட்டாள். சத்தம் நிற்கவில்லை.

நைட்டி இடது பக்கம் சரிந்து தொங்கியது.

தங்கை பின்னால் வந்து, அக்காவின் காதோரம் குனிந்தாள். ஈர முடியிலிருந்து பவுடர் வாசனை வந்தது.

"தோள் தெரியலயே, தையலம்மா?"